மரவள்ளியும் இஞ்சியும் ஒரு குடல்வாலும்

டிஸ்பென்சரி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைமாருக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்த புத்தகத்தில் வயிறு ஒரு ஆளுக்குச் சொந்தம். இரைப்பை இங்கே, ஈரல் அங்கே, சிறுகுடல் இப்படி மடிந்து கிடக்கும் என்று ரோஸ் நிறத்தில் அழகாகப் படம் போட்டிருப்பான். தோட்டத்தில் வயிறு என்பது அந்த லயத்துக்கே, ஒட்டினாற்போல் நிற்கும் அந்த வீட்டு வரிசைக்கே, பொதுச் சொத்து. ஒருவனுக்கு வலி வந்தால் தாய், தம்பி, கங்காணி, பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி என்று ஆளாளுக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தீர்ப்புச் சொல்வார்கள். வயிற்றுக்காரனை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

எஹலியகொடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிஸ்பென்சராக இருந்தபோது நடந்த கதை இது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் விளக்கெண்ணெய்ப் பக்தர். வயிற்றுவலிக்கு விளக்கெண்ணெய். காய்ச்சலுக்கு விளக்கெண்ணெய். பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதால் அதற்கும் விளக்கெண்ணெய். சனங்களுக்கு அவர் மேல் உயிர். ஏனென்றால் அவர் கொடுத்த மருந்து வேலை செய்வது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கும் கேட்டது. லயத்துக் கக்கூஸ் வாசலில் வரிசை நீள நீள அவருடைய கீர்த்தியும் நீண்டது. நான் வந்து வில்லையும் மிக்ஸர் மருந்தும் கொடுக்கத் தொடங்கியதும் என்னை ஏமாற்றுக்காரன் மாதிரிப் பார்த்தார்கள். முழுங்கினோம், ஒன்றுமே நடக்கவில்லையே என்று திரும்பி வந்து கேட்டவர்கள் உண்டு.

அது எழுபதுகளின் பஞ்ச காலம். கூப்பன் அரிசி குறைந்துபோய், கோதுமை மா கண்ணில் காணாமல், பாண் ரொட்டிக்குக் கடையில் இடிபட்ட காலம். எல்லா லயத்துக்குப் பின்னாலும் மரவள்ளி நட்டிருந்தார்கள். மத்தியானம் மரவள்ளி, இரவிலும் மரவள்ளி. மரவள்ளி சாப்பிட்டவன் இஞ்சியைத் தொட்டால் நஞ்சாகிவிடும் என்ற நம்பிக்கை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சிங்களக் கிராமத்தில் கேட்டாலும் அதுதான், டவுனில் முஸ்லிம் கடை முதலாளியைக் கேட்டாலும் அதுதான், தோட்டத்திலும் அதுதான். இந்த நாட்டில் எல்லாரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றாகத்தான் இருக்கும். கசப்புக் கிழங்கில் நஞ்சு இருப்பது உண்மைதான். மூடாமல் நன்றாக அவித்தால் போய்விடும். இஞ்சிக்கு அதில் என்ன பங்கு என்று எனக்கு இன்றுவரை யாரும் காட்டியதில்லை.

ஒரு நாள் பின்னேரம், நல்ல மழை. ரப்பர் பால்வெட்டுக்காரன் செல்லமுத்துவைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஒரு கூட்டம் டிஸ்பென்சரிக்குள் நுழைந்தது. முன்னால் அவனுடைய தாய் அங்கம்மா, தலைமுடி அவிழ்ந்து கிடக்க. பின்னால் தம்பி. அவனுக்குப் பின்னால் கங்காணி. அதற்கும் பின்னால், கூரைத் தண்ணீர் கொட்டும் இடத்தில், யாரும் உள்ளே வா என்று சொல்லாமல் நனைந்துகொண்டு செல்லமுத்துவின் பெண்சாதி பூமணி. ஓப்பநாயக்கப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்தத் தோட்டத்தில் அவளுக்கென்று சொந்தம் ஒரு ஆள் கிடையாது.

அங்கம்மா மேசையில் அடித்துச் சொன்னாள்:

“எம் மகனுக்கு இவ வெஷம் வச்சிட்டாங்கய்யா. மரவள்ளி தின்ன வாயில இஞ்சித் தேத்தண்ணியக் குடுத்துட்டா.”

கிழங்கை அவித்தது மாமியார். இஞ்சியைத் தட்டியது மருமகள். பழி யார் மேல் விழும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பூமணி வாசலில் நின்றே, அவர்தான் வயிறு ஊதின மாதிரி இருக்கிறது, இஞ்சி போட்டுத் தேத்தண்ணி வை என்று கேட்டார் என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அண்ணனுக்கு ஏதாவது ஆனால் இவளை உயிரோடு விடமாட்டேன் என்று தம்பிக்காரன் சொன்னான். அவன் சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. வாய்ச்சவடால் அடிக்கிறவன் கத்துவான். இவன் மெதுவாகச் சொன்னான்.

எல்லாருக்கும் ஒரே கோரிக்கைதான். பேதிக்குக் கொடு. பேதி போதாது, எனிமாவும் வை என்றாள் கூட வந்த ஒருத்தி. பழைய ஐயா இருந்திருந்தால் இந்நேரம் நஞ்செல்லாம் வெளியே போயிருக்கும் என்று கங்காணி சுவரைப் பார்த்துச் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி.

நான் கூட்டத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். தள்ளினேன் என்றால் உண்மையாகவே கையால் தள்ளினேன். இதைப் படிக்கிற நீங்கள் மரியாதைக்காரர்களாக இருக்கலாம். வயிற்றுவலிக்காரனைப் பார்க்கும்போது அந்த மரியாதையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

செல்லமுத்து வலது முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தான். காலை நீட்டச் சொன்னால் முகம் கோணியது. எப்போது வலி தொடங்கியது என்று கேட்டேன். கதவைப் பார்த்தான். தாய் அந்தப் பக்கம் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்:

“காலையில பால் வெட்டையிலயேங்க. தொப்புளச் சுத்தி. இப்ப கீழ எறங்கி, இந்தா, இங்கன நிக்கிது.”

விரலை வலது அடிவயிற்றில் வைத்தான். மத்தியானம் கிழங்கு தின்னும்போதே வலி இருந்ததாம். தின்ன மனமில்லை, தாய் ஏசுவாள் என்று இரண்டு துண்டு விழுங்கியிருக்கிறான். வாந்தி வந்தது அதற்கும் பிறகு. இதை ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா சத்தம் போடும் என்றான். ரப்பர் மரத்தில் பட்டைக்கு நோகாமல் கத்தி இழுக்கிற கை அது. தாய்க்கு முன்னால் அவனுக்கு நாக்கு எழும்பாது.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். நஞ்சு உள்ளே போனால் அநேகமாக முதலில் குமட்டும், வாந்தி வரும், வயிற்றால் போகும். வலி கூடவோ பிறகோ வரும். இவனுக்கு வலி முதலில், வாந்தி பிறகு. வலி தொப்புளில் தொடங்கிக் கீழே வலப்பக்கம் இடம் மாறியிருக்கிறது. அங்கே என்ன இருக்கிறது? சிறுகுடல் வந்து பெருங்குடலோடு சேரும் மூலை. அந்த மூலையில் சுண்டுவிரல் பருமனில் ஒரு வால் தொங்கும். குடல்வால். அது எதற்கு இருக்கிறதென்று அந்தக் காலத்தில் எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தோட்டத்து ஆபீசிலும் அப்படிச் சில பேர் இருப்பார்கள்: என்ன வேலை செய்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் கோபம் வந்தால் தோட்டத்தையே நாறடித்துவிடுவார்கள்.

அந்த வால் அடைத்துக்கொண்டு வீங்கி நிற்கும்போது பேதிக்குக் கொடுத்தால், குடல் முழுக்கப் பிசைய ஆரம்பிக்கும். வீங்கினது வெடிக்கும். பெருங்குடலுக்குள் இருக்க வேண்டியதெல்லாம் வயிற்றறைக்குள் கொட்டும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் சுடுகாட்டுக்குக் கொண்டு போவதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இப்படி எழுதும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை. கிழங்கு உண்மையிலேயே கசப்புக் கிழங்காக இருந்தால்? நான் பேதிக்குக் கொடுக்காமல் அவன் செத்தால், கொன்றவன் நான். பூமணியையும் அந்தத் தம்பி விடமாட்டான். விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டால் அவன் செத்தாலும் என்னை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஐயா செய்யவேண்டியதைச் செய்தார் என்று என் கழுத்துக்கு மாலையும் போடுவார்கள். நம் தொழிலில் உங்களுக்கு வரப்போகிற பெரிய சோதனை இதுதான், பிள்ளைகளே. தப்பான மருந்தைக் கொடுப்பது சுலபம். கூட்டம் கேட்கிற மருந்தைக் கொடுக்காமல் நிற்பதுதான் முதுகை முறிக்கும்.

ஒரே கிழங்கைத் தின்ற மற்றவர்களுக்கு என்ன என்று கேட்டேன். தாய் தின்றிருக்கிறாள், தம்பி தின்றிருக்கிறான், இரண்டு பேரும் மேசையில் அடிக்கிற அளவுக்குத் திடமாகத்தான் இருந்தார்கள். அது போதும் எனக்கு. விளக்கெண்ணெய்ப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். கதவைத் திறந்து, இது நஞ்சு இல்லை, இவனை வெட்டித்தான் பார்க்க வேண்டும், இரத்தினபுரிக்குக் கொண்டு போகிறேன் என்றேன். அங்கம்மா மண்ணில் விழுந்து புரண்டாள். கங்காணி மட்டும் கிட்டே வந்து சொன்னார்:

“ஐயா, செத்தா ஒங்க தலையிலதான் விடியும். அதையும் ரோசிச்சுக்கங்க.”

ரோசித்துவிட்டேன் என்றேன். பொய்தான்.

இனி வண்டி. தோட்டத்தை நடத்துகிற துரை வெளியே போயிருந்தார். தோட்டத்தில் இருந்தது ரப்பர் ஷீட் ஏற்றி நின்ற லொறி ஒன்று. துரையின் உத்தரவு இல்லாமல் லொறி அசையாது என்றார் கிளாக்கர் ஐயா. நல்ல மனுஷன், ஆனால் உத்தரவு இல்லாமல் தும்மக்கூட மாட்டார். இப்போது நோயாளியை ஏற்றாவிட்டால் நாளைக்குப் பிரேதம் ஏற்ற இதே லொறியைத்தான் கேட்பார்கள், அதற்கு மட்டும் உத்தரவு வேண்டாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்து முடிக்கும்வரை தனக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். சிங்கள ட்ரைவர் அதைப் புரிந்துகொண்டு, “யமு, மாத்தயா” என்று எனக்குச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். போவோம் ஐயா என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெம்பாக இருந்தது.

பூமணியையும் ஏறச் சொன்னேன். அங்கம்மா கத்தினாள், இந்தச் சண்டாளி வந்தால் நான் வரமாட்டேன் என்றாள். வராவிட்டால் இரு என்றேன். உடனே ஏறிவிட்டாள். அவளை விட்டுவிட்டுப் போனால் அந்தத் தம்பி என்ன செய்வான் என்று எனக்கு நிச்சயமில்லை. சில வேளைகளில் நோயாளியைவிடக் கூட நிற்கிறவருக்குத்தான் பாதுகாப்பு வேண்டியிருக்கும். உங்கள் பாடப் புத்தகத்தில் அது இல்லை.

புகையூட்டிய ஷீட் மேலே செல்லமுத்துவைக் கிடத்தினோம். அந்த வாடை தெரியும்தானே உங்களுக்கு. நோயில்லாதவனுக்கே வாந்தி வரும். ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் மருமகள், கால்மாட்டில் நான். தோட்டத்து ரோட்டு பள்ளமும் மேடுமாக இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் முனகி வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்தான். லொறி நின்றால் முனகல் நிற்கும். பள்ளத்தில் விழுந்தால் மறுபடி முனகுவான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அவன் வலியில் துடிக்கிறான், எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எப்படிப்பட்ட தொழில் பாருங்கள். நஞ்சுக்குப் பள்ளம் மேடு தெரியாது. வயிற்றின் உள்சவ்வு புண்பட்டிருந்தால்தான் ஒவ்வொரு அசைவும் இப்படிக் குத்தும்.

ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை டாக்டர் கைகழுவிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி, பேதிக்கு ஏதாவது கொடுத்தாயா என்பதுதான். இல்லை என்றேன். கையை நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்தார். அப்படியென்றால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். பாராட்டு என்று ஒன்று இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்ததென்றால் அது அந்தப் பார்வைதான்.

வெட்டினார்கள். வால் வீங்கிச் சிவந்து வெடிக்கப்போகிற நிலையில் இருந்ததாம். எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு காத்திருந்தோமே, அது வேறு கூத்து. வயிற்றைத் திறந்து குடலைத் தொட்டால் அது கோபித்துக்கொண்டு வேலை நிறுத்தம் செய்யும். சாதாரணமாகக் குடல் தூங்குவதே இல்லை. அலை அலையாகச் சுருங்கிச் சுருங்கி, தின்றதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். கை பட்டால் அசையாமல் படுத்துவிடும். திரும்ப வேலைக்கு வந்துவிட்டேன் என்று அது கொடுக்கிற சமிக்ஞை ஒன்றே ஒன்றுதான். காற்றுப் பிரிய வேண்டும். அதுவரை வாயில் கஞ்சித் தண்ணீர்கூட ஊற்றக்கூடாது. நர்ஸ் அம்மா வந்து சிங்களத்தில் கேட்பார். நான் தமிழில் கேட்பேன். செல்லமுத்து போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொள்வான். பெண்சாதியும் தாயும் இரண்டு பக்கமும் நிற்க, டாக்டர் முதற்கொண்டு தன் பின்பக்கத்தைப் பற்றியே பேசினால் யாருக்குத்தான் கூச்சமாக இருக்காது? கடைசியில் வார்டு முழுக்கக் கேட்க அந்தச் சத்தம் வந்தது. அங்கம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி முருகா என்றாள். கோயிலில்கூட அவள் அவ்வளவு பக்தியோடு கும்பிட்டு நான் பார்த்ததில்லை. பூமணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆள் பிழைத்தான். ஆனால் பூமணியின் வழக்கு முடியவில்லை. டாக்டர் வெட்டி நஞ்சை எடுத்தார் என்றுதான் லயத்தில் பேச்சு. செல்லமுத்து வீடு வந்த பிறகும் அவள் கையால் யாரும் ஒரு வாய் தேத்தண்ணி வாங்கவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அவள் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொள்வார்கள். ஓப்பநாயக்கவுக்கே திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று அங்கம்மா கங்காணியிடம் பேசத் தொடங்கியிருந்தாள். வலி காலையிலேயே தொடங்கியது என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். ஐயாவுக்கு அவள் மேல் இரக்கம் என்றார்கள். செல்லமுத்துவோ கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. ஆஸ்பத்திரியில் கெஞ்சி அந்தக் குடல்வாலை ஒரு போத்தலில் மருந்துத் தண்ணீர் ஊற்றி வாங்கி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். இன்றைக்கு இவர்களுக்கு விஞ்ஞானம் சொல்லாமல் விடுவதில்லை என்று முடிவு.

கூட்டம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு என்ன பொழுதுபோக்கு? வாயிலிருந்து தொடங்கினேன். பல் அரைக்கும், எச்சில் நனைக்கும், கழுத்துக்குள் ஒரு குழாய் கீழே இறக்கும். இரைப்பையில் ஒரு அமிலம் சுரக்கும். ஸ்டோரில் ரப்பர் பாலில் அசிட் ஊற்றினால் திரண்டு கட்டியாகிறதே, பிள்ளை குடிக்கிற பாலும் இரைப்பையில் அப்படித்தான் திரளும் என்றேன். பால் ஊற்றுகிற ஆட்கள் தலையாட்டினார்கள். சிறுகுடலில் ஈரலின் பித்தம் வந்து சேரும், சத்தெல்லாம் அங்கேதான் இரத்தத்துக்குப் போகும், பெருங்குடலில் தண்ணீர் வடியும், மிச்சம் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும் என்றேன். நன்றாகச் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் தலைக்கனம் ஏறி, போத்தலை உயர்த்திப் பிடித்து, இவ்வளவு பெரிய தொழிற்சாலையில் இந்தச் சின்ன வால் அடைத்துக்கொண்டதுதான் வியாதி, இதில் மரவள்ளியும் இல்லை இஞ்சியும் இல்லை என்று முடித்தேன்.

அங்கம்மா முன்னால் வந்து போத்தலைக் கையில் வாங்கினாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வீங்கி, முடிச்சு முடிச்சாக, மஞ்சள் பாரித்து, விரல் மாதிரி வளைந்து கிடந்தது அது.

“இஞ்சியேதான்,” என்றாள். “இந்தா பாருங்க, வேரோட.”

போத்தல் கை மாறிப் போனது. பார்த்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெட்கக்கேடு என்னவென்றால், போத்தல் என்னிடம் திரும்பி வந்தபோது நானும் பார்த்தேன். சந்தையில் வைத்தால் இஞ்சி என்று காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். விடுதலை வாங்கித்தர வந்த வக்கீல் தூக்குக் கயிற்றைக் கையில் கொண்டு வந்து கொடுத்த மாதிரி ஆயிற்று என் நிலைமை.

அங்கம்மாவுக்கு ஆள் பலம் வந்துவிட்டது. பூமணியைப் பார்த்து, துணியை மூட்டை கட்டு, நாளைக்கு முதல் பஸ்ஸில் ஏறு என்றாள். பூமணி பீலியடியில் குடத்தோடு நின்றாள். கொழுந்தன் அவளுடைய பெட்டியை எடுக்கக் காம்பராவுக்குள் போகத் திரும்பினான். வாசற்படியில் செல்லமுத்து உட்கார்ந்திருந்தான், தையல் பிரியாமல் துவாயால் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு. தம்பிக்கு வழி விடாமல் அப்படியே இருந்தான். காலைத் தாண்டப் பார்த்தான் தம்பி. அண்ணன் கையை நீட்டிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“அம்மா,” என்றான். குரல் கம்மிப்போய்த்தான் வந்தது. “எனக்குக் காலையிலயே வலிச்சுச்சு. நீ கெழங்கு அவிக்கிறதுக்கு முந்தியே. இஞ்சித் தேத்தண்ணி நாந்தான் கேட்டேன். நீ சத்தம் போடுவேன்னு சும்மா இருந்துட்டேன்.”

தம்பி படியை விட்டு இறங்கினான். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் அத்தனை நேரம் தொண்டை கிழியச் சொன்ன அதே சங்கதிதான். வயிற்றுக்குச் சொந்தக்காரன் சொன்னதும்தான் எடுபட்டது.

பூமணி குடத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடந்து வந்தாள். ஆட்கள் விலகி வழி விட்டார்கள். புருஷனுக்கு நேர் முன்னால் வந்து நின்றாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவளுக்கு இப்போது கண்ணீர் கொட்டியது.

“வயித்த வெட்டுனதுக்கப்புறந்தான் ஒங்களுக்கு வாய் தொறக்குதா?” என்று கேட்டாள்.